ஒற்றை அறை வீட்டில் ஒரு ஹாம்ஸ்டர்! வாங்கும் முன் தெரிந்து கொள்ளுங்கள்

மும்பையில் நம்மவர்கள் பலருக்கு வீடு என்பது ஒரே அறை. சமையலும் அதில்தான், படுக்கையும் அதில்தான். நாய் வளர்க்க இடம் கிடையாது. பூனை வளர்த்தால் பக்கத்து வீட்டுடன் சண்டை. ஆனால் பிள்ளைகளின் ஆசைக்கு அறையின் நீள அகலம் தெரியுமா?

என் மகளுக்கு 9 வயது. பள்ளித் தோழி வீட்டில் ஹாம்ஸ்டரைப் பார்த்து விட்டாள். "எனக்கும் ஒன்று வாங்கித் தாங்கப்பா" என்று தினமும் நச்சரிப்பு.

"வீட்டுக்குள் ஓடுகிற எலி போதாதா? காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?" என்றாள் என் மனைவி.

சொந்த ஊர் சிரியா

ஹாம்ஸ்டர் எலிக்கு உறவுதான். ஆனால் வால் மிகவும் குட்டை. இரு கன்னங்களிலும் பை உண்டு. கிடைத்த தானியத்தை அதில் அடைத்துக் கொண்டு போய் மூலையில் சேர்த்து வைக்கும்.

1930-ம் ஆண்டு சிரியா நாட்டின் அலெப்போ நகருக்கு அருகே, ஆரோனி என்ற விலங்கியல் அறிஞர் வளையைத் தோண்டச் செய்து ஒரு தாயையும் குட்டிகளையும் பிடித்தார். குட்டிகள் ஜெருசலேத்துக்குப் போயின. அவற்றில் பிழைத்த சிலவற்றின் சந்ததிதான் இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் தங்க நிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை. ஆக, அதுவும் நம்மைப் போல் ஊரை விட்டு வந்ததுதான்!

வெறுங்கையுடன் திரும்பினோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுடன் கடைக்குப் போனேன். கூண்டில் ஏழெட்டுக் குட்டிகள் சுருண்டு கிடந்தன. மகள் ஒன்றைக் காட்டினாள். கடைக்காரர் எடுத்துக் கையில் கொடுத்தார். வாலைச் சுற்றி ஈரம். கண்ணில் பீளை.

"தண்ணீர் பட்டிருக்கும் சாப், ஒன்றும் இல்லை" என்றார்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் முன்பே எச்சரித்து இருந்தார். அது தண்ணீர் அல்ல, வயிற்றுப்போக்கு. 'ஈர வால்' என்று அந்த நோய்க்குப் பெயர். இரண்டே நாளில் குட்டியின் உயிரைக் குடித்து விடும். கூண்டில் உள்ள மற்றவற்றுக்கும் தொற்றும்.

"ஜோடியாக எடுங்கள், விலை குறைத்துத் தருகிறேன்" என்றார் அடுத்து. அதுவும் தவறு. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் 16 நாளில் குட்டி போடும். ஒரே இனம் என்றாலோ, வளர்ந்த பின் சாகும் வரை சண்டை போடும். தங்க நிற ஹாம்ஸ்டர் தனியாக வாழும் பிராணி.

வாங்காமல் திரும்பினோம். லோக்கல் ரயிலில் தாதர் வரும்வரை மகள் அழுதாள். இரண்டு வாரம் கழித்து வேறு கடையில் நல்ல குட்டி கிடைத்தது. 'முத்து' என்று பெயர் வைத்தாள்.

எப்படிப் பார்த்து வாங்குவது?

மாலையில் போங்கள். பகலில் அது தூங்கும். மாலையில் எழுந்து ஓடி ஆடுவது நல்ல குட்டி. கண் பளிச்சென்று இருக்க வேண்டும். பின்பக்கம் உலர்ந்து இருக்க வேண்டும். பிராணிக் கடைகள் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 2018-ல் விதி வந்துள்ளது. பதிவு உண்டா என்று கேளுங்கள், ரசீதும் வாங்குங்கள்.

கூண்டு அகலமானதாக இருக்கட்டும். ஓடும் சக்கரம் கம்பி வைத்ததாக இருந்தால் கால் மாட்டி ஒடியும். தளம் மூடியதாகப் பாருங்கள். படுக்கைக்குக் கிழித்த வெள்ளைத்தாள் போதும், பஞ்சு வேண்டாம். கம்பு, சோளம், கொஞ்சம் கேரட், வெள்ளரி கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு, எலுமிச்சை, சாக்லேட் கூடாது. பல் வளர்ந்து கொண்டே இருக்கும். கடிக்க மரத்துண்டு வையுங்கள். வீட்டுக்கு வந்த முதல் சில நாட்கள் கையில் எடுக்காமல் விட்டு விடுங்கள்.

வெயில்தான் எமன்

20 முதல் 24 டிகிரி வெப்பம் அதற்குச் சௌகரியம். 30 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. இதை நான் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன்.

எங்கள் அறை மாடியில். மேலே தகரக் கூரை. ஏப்ரல் மாத மதியம் ஒன்றில் முத்து கால் பரப்பிக் கிடந்தது. கூப்பிட்டும் அசையவில்லை. மகள் அலறினாள். கீழ்வீட்டு மராத்திக்கார மௌஷி ஓடி வந்து கூண்டைத் தூக்கிப் போய்த் தன் வீட்டுக் கல் தரையில் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து முத்து எழுந்து தண்ணீர் குடித்தது. அன்று முதல் வெயில் காலத்தில் பகலெல்லாம் அதற்கு மௌஷி வீடுதான்.

மே மாதம் ஊருக்குப் போனோம். அந்த ரயில் வெக்கையில் அதைக் கொண்டு போக முடியுமா? மௌஷியிடமே விட்டுச் சென்றோம். ஊரில் இருந்து மகள் தினமும் போன் செய்து, பாட்டியிடம் பேசும் முன்பே முத்துவை விசாரித்தாள்.

அதன் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுதான். இதையும் மகளிடம் சொல்லி விட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து போய் கூண்டுத் தண்ணீரை மாற்றினாள்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். கடைக்குப் போகும் முன், உங்கள் வீட்டில் மதிய வெயில் எவ்வளவு என்று பாருங்கள். லீவில் போகும்போது யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வையுங்கள். இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கூண்டு வாங்குங்கள்.