பாஸ்வேர்டை வாயால் சொல்லாமலே விருந்தினருக்கு வைஃபை... க்யூஆர் கோடில் பகிர்வது எப்படி? எதில் கவனம் தேவை?

வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் தண்ணீர் கேட்பதற்கு முன்னாடியே கேட்பது, "வைஃபை பாஸ்வேர்டு என்ன?" என்பதைத்தான். "முதல்ல கேபிட்டல் எஸ், அப்புறம் அட், அடுத்து ஒன்னு... இல்லல்ல, அது ஸ்மால் எல்" என்று ஆரம்பித்தால் முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். இந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் மொபைல் நம்பரைப் பாஸ்வேர்டாக வைத்துவிடுகிறார்கள். அதை யாரும் எளிதில் ஊகித்துவிடலாம். க்யூஆர் கோடு இருந்தால், எவ்வளவு கடினமான பாஸ்வேர்டையும் ஒரே ஸ்கேனில் கொடுத்துவிடலாம்.

ஆண்ட்ராய்டில் எப்படி?

ஆண்ட்ராய்டு 10 முதல் இந்த வசதி போனிலேயே இருக்கிறது. செட்டிங்ஸில் வைஃபை பக்கத்துக்குப் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட வேண்டும். 'ஷேர்' அல்லது 'க்யூஆர் கோடு' என்று இருப்பதைத் தொட்டால், கைரேகை அல்லது பின் நம்பர் கேட்டுவிட்டு கோடைக் காட்டும். போனுக்குப் போன் மெனுவின் பெயர் கொஞ்சம் மாறலாம்.

ஐபோனில் எப்படி?

ஐஓஎஸ் 18-ல் வந்த 'பாஸ்வேர்ட்ஸ்' ஆப்பில் வைஃபை பகுதியைத் திறந்து, நெட்வொர்க்கைத் தேர்வு செய்தால் க்யூஆர் கோடைக் காட்டும் ஆப்ஷன் வரும். வந்தவர் அதை ஸ்கேன் செய்ய ஐபோன் கேமராவே போதும். ஆண்ட்ராய்டிலும் பெரும்பாலான போன்களில் கேமராவே படித்துவிடும்.

கோடுக்குள் என்ன இருக்கிறது?

நெட்வொர்க்கின் பெயர், பாதுகாப்பு வகை, பாஸ்வேர்டு. அவ்வளவுதான். ஆனால் பாஸ்வேர்டு எந்தப் பூட்டும் இல்லாமல் அப்படியே எழுத்துகளாக இருக்கும். சாதாரண ஸ்கேனர் ஆப்பே அதைப் படித்துக் காட்டிவிடும். ஆகவே கோடை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும், பாஸ்வேர்டையே டைப் செய்து போடுவதும் ஒன்றுதான். ஒருமுறை இணைந்தவர், தன் போனிலிருந்து அடுத்தவருக்கும் அதே கோடைக் காட்ட முடியும்.

அப்போ என்ன செய்யலாம்?

இப்போது வரும் பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருக்கிறது. ரவுட்டரின் ஆப்பிலோ செட்டிங்ஸ் பக்கத்திலோ அதை ஆன் செய்து, தனிப் பெயரும் தனிப் பாஸ்வேர்டும் வைக்கலாம். இதில் இணைபவருக்கு இன்டர்நெட் கிடைக்கும். வீட்டு சிசிடிவி, பிரின்டர், லேப்டாப் இருக்கும் நெட்வொர்க்குக்குள் பொதுவாக நுழைய முடியாது. அந்த ஆப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹாலில் ஒட்டுவதென்றால் கெஸ்ட் நெட்வொர்க்கின் கோடையே பிரின்ட் எடுத்து ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் அதன் பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதும், பழைய கோடு செல்லாது. டிவி, சிசிடிவி எதையும் திரும்ப இணைக்கிற வேலை இல்லை.

பெயர் தெரியாத இணையதளங்களில் பாஸ்வேர்டைக் கொடுத்து கோடு உருவாக்குவதைத் தவிர்க்கலாம். போனே தருகிற கோடின் ஸ்கிரீன்ஷாட்டே பிரின்ட் எடுக்கப் போதுமானது.

கஃபேயில் ஸ்கேன் செய்பவர்களுக்கும் ஒரு விஷயம்: ஒரிஜினல் கோடின் மேல் வேறு யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம். திரையில் வரும் நெட்வொர்க் பெயர் கடையுடையதுதானா என்று ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இணைவது நல்லது. வைஃபையில் இணைப்பதற்குப் பதிலாக ஏதாவது இணையதளத்தையோ பேமென்ட் பக்கத்தையோ திறந்தால், உடனே மூடிவிடுங்கள்.