‘ஒரு வாய் கஞ்சிகூட கொடுக்கக் கூடாதா?’ - பக்கவாத வார்டில் நர்ஸ் ஏன் தடுக்கிறார்?

பக்கவாதம் வந்து அட்மிட் ஆன இரண்டாம் நாள். ஸ்கேன் முடிந்துவிட்டது. ‘உயிருக்கு ஆபத்து இல்லை’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். வராண்டாவில் நின்ற சொந்தக்காரர்களுக்கு அப்போதுதான் மூச்சு திரும்பியிருக்கும். ஊரிலிருந்து வந்த அக்காவோ அத்தையோ பையைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுப்பார். “நேத்துலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படலையே... ஒரு வாய் கஞ்சி ஊத்துறேன்” என்று டம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது நர்ஸ் ஓடி வந்து கையைப் பிடிப்பார். “அம்மா, வாய் வழியா எதுவும் கொடுக்கக் கூடாது!”

எந்த ஊர் பெரிய மருத்துவமனையிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். ‘மனுஷனைப் பட்டினி போடுறாங்களே’ என்ற கோபம் குடும்பத்துக்கு. நர்ஸுக்கோ நின்று விளக்க நேரம் இருக்காது. ஆனால், அந்த ஒரு வாய் கஞ்சிக்குப் பின்னால் கடந்த 20 ஆண்டுகளாகப் பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் இருக்கின்றன. பக்கவாதத்தில் தப்பியவரை அதன்பின் வரும் நோய்த்தொற்று கொண்டுபோய்விடக் கூடாது என்பதுதான் அவற்றின் கவலை.

புரையேறும்... இருமல் வராது!

சாப்பிடும்போது நமக்குப் புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று உச்சந்தலையில் தட்டுவார்கள். உண்மையில் நடப்பது, உணவுக்குழாய்க்குள் போக வேண்டியது மூச்சுக்குழாயின் வாசலைத் தொட்டுவிடுகிறது. உடனே உடம்பு இருமி அதை வெளியே தள்ளுகிறது.

விழுங்குவது நாம் நினைப்பதுபோல எளிய வேலை இல்லை. நாக்கு, தொண்டை, குரல்வளை என்று ஏகப்பட்ட தசைகள் ஓரிரு விநாடிகளுக்குள் வரிசை தவறாமல் இயங்கவேண்டும். அதை நடத்துவது மூளை. பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படும்போது கை, கால் விழுந்ததை எல்லோரும் பார்க்கிறோம். தொண்டை விழுந்தது கண்ணுக்குத் தெரிவதில்லை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாள்களில் விழுங்குவதில் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கிறது. இதில் ஆபத்தான வகை ஒன்று உண்டு. தொண்டையில் உணர்வு மங்கிப்போவதால், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் இருமலே வராது. ‘நல்லாத்தான் குடிச்சார்’ என்று குடும்பம் நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரியும்.

இது அரிதாக நடப்பது அல்ல. 87 ஆய்வுகளில் இடம்பெற்ற 1,37,817 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2011-ல் வெளியான ஆய்வு, பக்கவாதம் வந்தவர்களில் 30 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஒரு நோய்த்தொற்று ஏற்படுகிறது என்கிறது. நிமோனியா 10 சதவிகிதம், சிறுநீர்த்தொற்று 10 சதவிகிதம். இரண்டும் எண்ணிக்கையில் சமம் என்றாலும், உயிரிழப்போடு நெருங்கிய தொடர்புடையது நிமோனியாதான்.

விழுங்குவது மட்டுமே காரணம் இல்லை. பெர்லினின் சாரிட்டே மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் எலிகளிடம் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பக்கவாதம் ஏற்படுத்தப்பட்ட எலிகளின் நோய் எதிர்ப்புச் சக்தி சட்டென்று சரிந்து, அவற்றுக்கு நிமோனியா வந்தது. மூளை அடிபட்ட அதிர்ச்சியில் நரம்பு மண்டலம் அனுப்பும் சமிக்ஞைகளே காவல்காரர்களைத் தூங்கவைத்துவிடுகின்றன. ஒருபக்கம் கதவு திறந்து கிடக்கிறது, மறுபக்கம் காவலுக்கும் ஆள் இல்லை.

முன்கூட்டியே ஊசி போட்டால்?

அப்படியானால், கிருமி வருவதற்கு முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமே? “நல்ல ஸ்ட்ராங்கான ஊசியா போடுங்க டாக்டர்” என்று நம் ஆட்கள் கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். மருத்துவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஐரோப்பாவில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. இரண்டின் முடிவுகளும் 2015-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தன.

நெதர்லாந்தில் 2,500-க்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் ‘செஃப்ட்ரியாக்சோன்’ ஊசியை நான்கு நாள்கள் கூடுதலாகப் போட்டார்கள். சிறுநீர்த்தொற்று குறைந்தது. நிமோனியா குறையவில்லை. மூன்று மாதம் கழித்து யார் எழுந்து நடமாடுகிறார்கள், யார் பிறரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோதும் வித்தியாசம் இல்லை. பிரிட்டனில் நடந்த ஆய்வு இன்னும் குறிப்பானது. 48 பக்கவாதப் பிரிவுகளில், விழுங்குவதில் சிக்கல் இருந்த 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் மட்டுமே அது நடத்தப்பட்டது. அங்கும் ஆன்டிபயாடிக் நிமோனியாவைத் தடுக்கவில்லை.

தொற்று வந்துவிட்டால் ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டும். அதில் சந்தேகமே இல்லை. வரும் முன்பே எல்லோருக்கும் போட்டுவைப்பதால் பயன் இல்லை என்பதுதான் இந்த ஆய்வுகளின் முடிவு. தேவையில்லாத இடத்தில் மருந்தைச் செலவழித்தால், அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் அதே வார்டில் வளரும் என்ற பயம் வேறு இருக்கிறது. அடுத்த முறை டாக்டர் ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்று சொன்னால், அவர் கவனிக்காமல் விடுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

நர்ஸ்கள் நடத்திக் காட்டிய மாற்றம்

ஊசியால் முடியாததில் ஒரு பகுதியைச் சாதித்தது தெர்மாமீட்டரும் ஒரு கோப்பைத் தண்ணீரும்! ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு அது. தலைமை ஏற்றவர் சாண்டி மிடில்டன் என்ற செவிலியர் பேராசிரியர். புதிய மருந்து எதுவும் கிடையாது. மூன்றே விஷயங்கள்... காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல்.

முதல் 72 மணி நேரத்துக்கு, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை காய்ச்சல் பார்க்கவேண்டும். 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது நம் வீட்டு தெர்மாமீட்டரில் 99.5 காட்டினாலே பாரசிட்டமால். ‘லேசா சூடா இருக்கு, பரவாயில்லை’ என்று நாம் விட்டுவிடுகிற அதே 99.5தான்! விரலில் குத்தி சர்க்கரையைப் பார்த்து, ஏறினால் உடனே கட்டுப்படுத்தவேண்டும். மூன்றாவது, உணவோ தண்ணீரோ கொடுப்பதற்கு முன், அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் விழுங்கும் திறனைச் சோதிக்கவேண்டும். இதையெல்லாம் செய்ய நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

2011-ல் முடிவு வெளியானபோது பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 90 நாள்களுக்குப் பிறகு, வழக்கமான கவனிப்பு இருந்த மருத்துவமனைகளில் 58 சதவிகிதம் பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவமனைகளில் அது 42 சதவிகிதம்.

இதில் மறைக்கக் கூடாத விஷயமும் உண்டு. 90 நாளில் உயிரிழப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிமோனியா எண்ணிக்கையிலும் இல்லை. மூன்றும் சேர்ந்ததில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு கணக்கு அதைவிட யோசிக்கவைக்கிறது. வழக்கமான மருத்துவமனைகளில் விழுங்கும் சோதனை முறையாகச் செய்யப்பட்டது 7 சதவிகிதம் பேருக்குத்தான். பயிற்சிக்குப் பிறகும் அது 46 சதவிகிதத்தைத்தான் எட்டியது. ஆஸ்திரேலியாவிலேயே அந்த நிலை என்றால், நம் ஊரில் ‘சோதனை செஞ்சாச்சா சிஸ்டர்?’ என்று குடும்பமே கேட்டுவிடுவது நல்லது.

சோதனை என்றதும் பெரிய மெஷின் எதையும் கற்பனை செய்ய வேண்டாம். நோயாளி விழிப்போடு இருக்கிறாரா, நிமிர்ந்து உட்கார முடிகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். இருமல் வருகிறதா, குரல் ‘களகள’வென்று ஈரமாக மாறுகிறதா என்று கவனிப்பார்கள். சந்தேகம் வந்தால் ஸ்பீச் தெரபிஸ்ட் வருவார். பேச்சுக்கு மட்டுமல்ல, விழுங்குவதற்கும் அவர்தான் நிபுணர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சோதனையில் தேறாவிட்டால் மூக்கு வழியே ட்யூப் போட்டு உணவு கொடுப்பார்கள். ‘ட்யூப் போட்டாச்சு, இனி பயமில்லை’ என்றும் இருந்துவிட முடியாது. எச்சில் வாயில் ஊறிக்கொண்டேதான் இருக்கும், அதுவும் நுரையீரலுக்குள் இறங்கலாம். வாயால் சாப்பிடாதவருக்குப் பல் தேய்த்துவிட வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குத்தான் வாய் சுத்தம் அதிகம் தேவை. அழுக்கான வாயில் பெருகும் கிருமிகள்தான் எச்சிலோடு கீழே போகின்றன.

யூரின் ட்யூப் கதையும் இதே மாதிரிதான். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவிகிதம் வரை கூடிக்கொண்டே போகிறது. ‘இன்னும் வேணுமா டாக்டர், எப்போ எடுப்பீங்க?’ என்று தினமும் ரவுண்ட்ஸில் கேட்கலாம், தப்பில்லை. கட்டில் காலில் தொங்கும் கை கழுவும் மருந்து டாக்டருக்கு மட்டும் வைத்தது அல்ல. பார்க்க வரும் சித்தப்பா, பெரியப்பாவுக்கும் சேர்த்துத்தான்.

‘சீக்கிரம் நடக்க வைங்க!’

படுத்தே கிடந்தால் சளி கட்டும், படுக்கைப் புண் வரும். அதனால் எவ்வளவு சீக்கிரம் எழுப்பி நடக்கவைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்றுதான் பலரும் நம்பினார்கள். 5 நாடுகளில் 2,104 பேரிடம் நடந்த ஆய்வு 2015-ல் அந்த நம்பிக்கையை அசைத்தது. 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, அடிக்கடி, அதிக நேரம் எழுப்பி நடக்கவைக்கப்பட்டவர்களில் 46 சதவிகிதம் பேர் மூன்று மாதத்தில் நன்றாகத் தேறினார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 50 சதவிகிதம்! அவசரம் கொஞ்சம் கெடுதலே செய்திருக்கிறது. பின்னர் அதே தகவல்களை அலசியபோது, நீண்ட நேரம் ஒரேயடியாகச் செய்வதைவிட, கொஞ்ச நேரமாக, பல முறை எழுப்புவது நல்லது என்று தெரிந்தது. ‘பக்கத்துப் பெட்காரர் நடக்குறாரே’ என்று ஒப்பிடுவதை நிறுத்திவிட்டு, பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவோடு நிற்பதே சரி.

இந்தியாவுக்கு நேரடியாகச் சொந்தமான ஆய்வு ஒன்றும் உண்டு. நம் நாட்டில் பிசியோதெரபிஸ்ட்கள் குறைவு, வீட்டுக்கு வரவழைக்கச் செலவு அதிகம். ஆனால், கூடவே இருந்து பார்த்துக்கொள்ளக் குடும்பம் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்கே பயிற்சி கொடுத்தால் என்ன? லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் நிபுணர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர், ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து 14 மருத்துவமனைகளில் 1,250 பேரிடம் இதைச் சோதித்தார்கள். 2017-ல் வந்த முடிவு ஏமாற்றம்தான். ஆறு மாதம் கழித்து, குடும்பப் பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்கள் இருவரிலுமே 47 சதவிகிதம் பேர் இறந்தோ பிறரைச் சார்ந்தோ இருந்தார்கள்.

குடும்பத்தின் கவனிப்பு வீண் என்று இதைப் படிக்கக் கூடாது. பயிற்சி கிடைக்காத குடும்பங்களும் சும்மா இருக்கவில்லையே! நிபுணர் செய்யவேண்டிய வேலையைக் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு, சிகிச்சை கொடுத்தாகிவிட்டது என்று கணக்குக் காட்ட முடியாது என்பதுதான் இதிலிருந்து அரசுகளுக்குக் கிடைக்கும் செய்தி. மகளோ மருமகளோ வேலையை விட்டுவிட்டு உட்காரும் வீடுகளில், இது வெறும் புள்ளிவிவரம் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு...

டிஸ்சார்ஜ் ஆனதும் அடுத்த சிக்கல் நம் பழக்கங்களில் இருக்கிறது. அண்ணாந்து தண்ணீர் குடிப்பது நமக்குச் சிறுவயதிலிருந்தே வந்த பழக்கம். தொண்டை பலவீனமானவருக்கு அதுவே ஆபத்து. தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்ளும். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை நேராகவோ சற்றே குனிந்தோ வைத்துக்கொண்டு சிறு சிறு மிடறாகக் குடிக்கவேண்டும். ரசம் சாதம் ‘லைட்’ உணவு என்று முதலில் ஊட்டுவோம். நீர் ஒருபக்கமும் பருக்கை ஒருபக்கமுமாக ஓடும் உணவைச் சமாளிப்பது தொண்டைக்குக் கஷ்டம். குழையப் பிசைந்த சாதம், கெட்டியான கூழ் போன்றவை பலருக்கு எளிது. யாருக்கு எந்தப் பதம் என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படுத்த நிலையில் எதையும் ஊட்ட வேண்டாம். சாப்பிட்டதும் படுக்கவும் வேண்டாம், அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும். மாத்திரைகளை நீங்களாகப் பொடித்துக் கொடுக்காதீர்கள், சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது.

சாப்பிடும்போது இருமல், குடித்ததும் குரலில் ஈரம், கன்னத்துக்குள் ஒதுங்கி நிற்கும் சோறு, காரணமில்லாத காய்ச்சல்... இவற்றில் எது வந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முந்தைய கட்டம். வாய் கோணி, கை தளர்ந்து ஒருவர் சரியும் அந்த நிமிடத்தில் பதறிப்போய் சோடாவோ, சர்க்கரைத் தண்ணீரோ, ‘ஹார்ட்டுக்குக் கொடுக்கும் மாத்திரை’யோ வாயில் போடாதீர்கள். அவரால் விழுங்க முடியுமா என்று அப்போது யாருக்கும் தெரியாது. மூளையில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதும் ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ரத்தக்கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் விஷயத்தை மோசமாக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம். முதலில் எடுக்கவேண்டியது டம்ளர் அல்ல, 108-க்கு அழைக்க உங்கள் போன்!