உங்கள் வைஃபை ஏன் ஒரு நிமிடம் தாமதமாக வருகிறது? ரவுட்டருக்கும் ரேடாருக்கும் நடுவே ஓர் உலக ஒப்பந்தம்

கரண்ட் போய் வந்திருக்கிறது. ரவுட்டரில் விளக்குகள் மினுக்குகின்றன. போனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் உடனே வந்துவிடுகிறது. கடைசியில் '5ஜி' என்று ஒட்டியிருக்கும் இன்னொரு பெயரை மட்டும் காணோம். (இது மொபைல் 5ஜி கிடையாது, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைச் சொல்கிறது.) ஆபீஸ் மீட்டிங் தொடங்க இரண்டே நிமிடம். "ரவுட்டர் போச்சு போல" என்று நாம் பதறும்போது அந்தப் பெயரும் மெல்ல எட்டிப்பார்க்கிறது.

பல நேரங்களில் ரவுட்டரில் கோளாறு எதுவும் இருக்காது. அந்த ஒரு நிமிடமும் அது பேசாமல், காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் எங்காவது ரேடார் இயங்குகிறதா என்று பார்க்கிறது. இல்லை என்று தெரிந்த பிறகே சிக்னலை அனுப்புகிறது.

இப்படிச் சுற்றுப்புறத்தைக் கவனித்து, தன்னை மாற்றிக்கொள்ளும் ரேடியோக்கள் பெருகி வருகின்றன. அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம்? அவை தப்பு செய்தால் யார் பொறுப்பு? உலக நாடுகள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டும் கேள்வி இது.

காற்றில் யாருக்கு எந்த இடம்?

ரேடியோ அலைக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒரு நாட்டின் டிரான்ஸ்மிட்டர் பக்கத்து நாட்டு விமான நிலையத்தைக் குழப்பலாம். அதனால் 1906-லேயே பெர்லினில் நாடுகள் கூடி, ரேடியோவுக்கான முதல் சர்வதேச விதிகளை எழுதின. இன்று அந்த வேலையை ஜெனீவாவில் உள்ள சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் (ஐடியு) பார்த்துக்கொள்கிறது. 1865-ல் தந்திக்காகத் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு இப்போது ஐ.நா.வின் சிறப்பு முகமை.

மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உலக ரேடியோ தொடர்பு மாநாடு நடக்கும். எந்த அலைவரிசை செயற்கைக்கோளுக்கு, எது மொபைலுக்கு, எது ரேடாருக்கு, எது கப்பலுக்கு என்ற பட்டியலை அங்கேதான் திருத்துவார்கள். அந்தப் பட்டியல் அடங்கிய 'ரேடியோ விதிமுறைகள்' நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். உலகத்தை மூன்று மண்டலங்களாக அது பிரிக்கிறது. ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் முதல் மண்டலம், அமெரிக்கக் கண்டங்கள் இரண்டாவது, இந்தியா உள்ளிட்ட ஆசிய-பசிபிக் நாடுகள் பெரும்பாலும் மூன்றாவது.

இந்த வரம்புக்குள் நின்று ஒவ்வொரு நாடும் உள்ளூர் விதிகளை வகுக்கும். அமெரிக்காவில் ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் (எஃப்சிசி), இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை.

2003: ஜெனீவாவில் ஒரு பேரம்

வைஃபை அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. 5 கிகாஹெர்ட்ஸில் நிறைய இடம் வேண்டும் என்று கேட்டார்கள். ஆனால் அங்கே ஏற்கெனவே குடியிருந்தவை ராணுவ ரேடார்களும் வானிலை ரேடார்களும்.

2003-ல் ஜெனீவாவில் கூடிய மாநாடு ஒரு நிபந்தனையோடு கதவைத் திறந்தது. 5150 முதல் 5350 மெகாஹெர்ட்ஸ் வரையும், 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரையும் வைஃபை போன்றவை பயன்படுத்தலாம். ஆனால் ரேடார்கள் இருக்கும் பகுதிகளில், ரேடார் சத்தம் கேட்டால் வைஃபைதான் ஒதுங்க வேண்டும். "ரேடார் என்னைத் தொந்தரவு செய்கிறது" என்று வைஃபை புகார் சொல்லவும் முடியாது.

இந்த ஒதுங்கும் வேலைக்கு 'டைனமிக் ஃப்ரீக்வன்சி செலக்‌ஷன்', சுருக்கமாக டிஎஃப்எஸ் என்று பெயர். பேசத் தொடங்கும் முன் 60 விநாடி கேட்க வேண்டும். இயங்கும்போதும் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். ரேடார் தென்பட்டால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். அடுத்த 30 நிமிடம் அங்கே திரும்பக் கூடாது. ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் உள்ள 5600–5650 மெகாஹெர்ட்ஸில் 10 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும். வீடியோ காலின் நடுவே வைஃபை சட்டென்று சேனல் மாறுவதற்கும் சில நேரம் இதுவே காரணம்.

வானிலை ரேடாரின் வேலையைப் பார்த்தால் இந்தக் கெடுபிடி ஏன் என்று புரியும். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அந்த எதிரொலி மிக மிக மெல்லியது. அந்த நேரத்தில் அதே அலைவரிசையில் ஒரு வைஃபை கருவி பேசினால், மழை மேகம் இருக்க வேண்டிய இடத்தில் திரையில் வெறும் கோடுதான் தெரியும்.

சான் ஹுவானில் என்ன நடந்தது?

அப்படியே நடந்தது. கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவான். விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் திடீரென அடிக்கும் ஆபத்தான காற்றைக் கண்டுபிடிக்க, அங்கே ஒரு டாப்ளர் வானிலை ரேடார் இருக்கிறது. 2009-ல் அதன் திரையில் காரணம் தெரியாத கோடுகள் தோன்றின.

அமெரிக்க அரசின் பொறியாளர்கள் கருவிகளோடு போய்த் தேடினார்கள். உயரமான இடங்களில், ரேடாருக்கு நேர் எதிரே தெரியும்படி, வயர்லெஸ் இணையச் சேவை தருபவர்கள் வைத்திருந்த 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகள்தான் காரணம் என்று தெரிந்தது. சிலவற்றில் டிஎஃப்எஸ் வசதியே வேலை செய்யும் நிலையில் இல்லை. சிலவற்றில் அது இருந்தும் ரேடாரைக் கண்டுகொள்ளவில்லை.

அமெரிக்கா 5600–5650 மெகாஹெர்ட்ஸைப் புதிய கருவிகளுக்குச் சில ஆண்டுகள் மூடி வைத்தது. 2014-ல் கடுமையான விதிகளோடு மறுபடியும் திறந்தது. கருவியின் மென்பொருளை யாரும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாதபடி தயாரிப்பாளர் பூட்டி வைக்க வேண்டும் என்பது அதில் ஒன்று.

விதி காகிதத்தில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு யாரோ ஒருவர் மொட்டை மாடியில் பொருத்திய பெட்டியின் செட்டிங்கில் போய் நின்றது. சிக்கலே அங்கேதான்.

யோசிக்கும் ரேடியோ

டிஎஃப்எஸ் சின்ன அளவிலான புத்திசாலித்தனம். இதைவிடப் பெரிய கனவு ஒன்று உண்டு. 1990-களின் இறுதியில் ஜோசப் மிடோலா என்ற அமெரிக்கப் பொறியாளர் 'காக்னிட்டிவ் ரேடியோ' என்ற கருத்தை முன்வைத்தார். தமிழில் அறிவார்ந்த ரேடியோ எனலாம். சுற்றுப்புறத்தை உணர்ந்து, அனுபவத்தில் கற்று, எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தியில் பேசலாம் என்று தானே முடிவு செய்யும் ரேடியோ அது.

ஆசை வரக் காரணம் இருந்தது. பட்டியலில் பார்த்தால் அலைக்கற்றை முழுக்க யாருக்காவது எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். நேரில் அளந்து பார்த்தால், பல இடங்களில் பல நேரம் சும்மா கிடக்கும். கல்யாண மண்டபத்தில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு ஆள் வராத நாற்காலி மாதிரி. காலியாக இருக்கும்போது இன்னொருவர் உட்கார்ந்தால் என்ன?

2012: புத்திசாலியா இரு, ஆனா கோட்டைத் தாண்டாதே

இந்தக் கேள்வி 2012-ல் ஜெனீவாவில் நடந்த மாநாட்டுக்கு முறைப்படி வந்தது. அறிவார்ந்த ரேடியோவுக்காக ரேடியோ விதிமுறைகளில் தனி மாற்றம் வேண்டுமா?

வேண்டாம் என்று முடிவானது. அதோடு ஒரு பரிந்துரையை மட்டும் சேர்த்தார்கள். அதன் சாரம்: இது ஒரு தொழில்நுட்பம், புதிய வகைச் சேவை ஆகாது. இதைப் பயன்படுத்தும் எந்தக் கருவியும் இருக்கிற விதிகளுக்குள்தான் இயங்க வேண்டும். "என் ரேடியோ தானாக முடிவெடுத்தது" என்று சொல்லி எந்த நாடும் தன் கடமையிலிருந்து நழுவ முடியாது.

இதில் சிலருக்கு ஏமாற்றம். புதுமைக்குப் போட்ட முட்டுக்கட்டையாக அவர்கள் பார்த்தார்கள். ஆனால் தயங்கியவர்களிடம் வலுவான காரணம் இருந்தது. வானத்தை ஆராயும் ரேடியோ தொலைநோக்கிகளும், பூமியின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் சில செயற்கைக்கோள்களும் எதையும் அனுப்புவதே இல்லை. கேட்க மட்டுமே செய்யும். பேசாதவரை எந்தப் புத்திசாலி ரேடியோவாலும் காதால் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

நம் வீட்டு டிவியும் அப்படித்தான். பள்ளத்தில் இருக்கும் ஒரு கருவிக்கு டிவி கோபுரத்தின் சிக்னல் எட்டாது. சேனல் காலி என்று நினைத்து அது பேசத் தொடங்கும். மேட்டில் உள்ள பக்கத்து வீட்டில் படம் போய்விடும்.

கேட்பதற்குப் பதில், விசாரிப்பது

அதனால் பாதை கொஞ்சம் திரும்பியது. காலி டிவி சேனல்களை வயர்லெஸ் இணையத்துக்குத் திறக்க 2008-ல் அமெரிக்கா ஒப்புக்கொண்டபோது, கருவி காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும், ஒரு தரவுத்தளத்தில் விசாரிக்கவும் வேண்டும் என்றது. 2010-ல், தரவுத்தளத்தில் விசாரிக்கும் கருவிகளுக்குக் கேட்கும் கட்டாயத்தை நீக்கிவிட்டது. "நான் இந்த இடத்தில் இருக்கிறேன், எந்தச் சேனல் காலி?" என்று இணையம் வழியே கேட்டால் போதும்.

அடுத்த கட்டம் அமெரிக்கக் கடற்படை ரேடார்கள் இயங்கும் 3550–3700 மெகாஹெர்ட்ஸ். கடலோரங்களில் சென்சார்கள் வைத்தார்கள். போர்க்கப்பலின் ரேடார் நெருங்கினால் மையக் கணினி அந்தப் பகுதி நெட்வொர்க்குகளை வேறு சேனலுக்கு நகர்த்தும். கடற்படைக்கு முதலிடம், ஏலத்தில் எடுத்தவர்களுக்கு இரண்டாமிடம், மிச்சம் பொதுமக்களுக்கு. 2020-ல் அந்த இரண்டாமிடத்துக்கான ஏலத்தில் 450 கோடி டாலருக்கும் மேல் கிடைத்தது. பகிர்ந்துகொள்ளும் அலைக்கற்றைக்கும் சந்தையில் மதிப்பு உண்டு என்று அது காட்டியது.

6 கிகாஹெர்ட்ஸில் அதிக சக்தியோடு இயங்கும் வைஃபைக்கும் இதே வழிதான். கருவி தன் இருப்பிடத்தைச் சொல்லி அனுமதி பெற வேண்டும். அப்படி அனுமதி தரும் ஏழு அமைப்புகளுக்கு எஃப்சிசி 2024 பிப்ரவரியில் பச்சைக்கொடி காட்டியது.

ஒரே போன், நாட்டுக்கு ஒரு விதி

இதே 6 கிகாஹெர்ட்ஸ்தான் இப்போது பெரிய இழுபறி. அமெரிக்கா 2020-ல் 5925 முதல் 7125 வரை மொத்தம் 1200 மெகாஹெர்ட்ஸையும் வைஃபைக்குத் திறந்தது. 2023 இறுதியில் துபாயில் நடந்த மாநாடோ அதன் மேல்பகுதியை, அதாவது 6425–7125-ஐ, முதல் மண்டலத்தில் மொபைல் சேவைக்கு உகந்ததாக அடையாளம் காட்டியது. மூன்றாவது மண்டலத்துக்குப் பொதுவாக 7025–7125 மட்டும். அதே பகுதியை வைஃபையும் பயன்படுத்துகிறது என்பதையும் மாநாடு பதிவு செய்தது. முடிவெடுப்பது அந்தந்த நாடு.

இந்தியா நிதானமாகப் போகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸை 2018-ல் உரிமம் தேவையில்லை என்று அறிவித்தது. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியான 5925–6425-க்கு 2025 மே மாதம் வரைவு விதிகள் வந்தன. கட்டிடத்துக்குள் குறைந்த சக்தி, வெளியே மிகக் குறைந்த சக்தி என்பதே அதன் அணுகுமுறை. அந்தப் பகுதியில்தான் தரையிலிருந்து செயற்கைக்கோள்களுக்குச் சிக்னல் போகிறது. கருவியின் புத்தியை நம்புவதைவிட, அதன் குரலைத் தாழ்த்துவது பாதுகாப்பான வழி.

காலி டிவி சேனல்களிலும் இங்கே முயற்சி நடந்தது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதிக் கிராமங்களுக்கு அதன் வழியே சோதனை முறையில் இணையம் கொண்டுபோனார்கள். தரைவழி டிவி என்றால் தூர்தர்ஷன் மட்டுமே உள்ள நாட்டில் காலியிடத்துக்குப் பஞ்சமில்லை.

நமக்கு இதில் என்ன?

அடுத்த உலக மாநாடு 2027-ல். மொபைலுக்கு இன்னும் இடம் கேட்டு 7125–8400 மெகாஹெர்ட்ஸ் போன்ற பகுதிகள் பேச்சுக்கு வருகின்றன. அங்கேயும் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் உண்டு. புதிதாக ஒதுக்கக் காலி மனை இல்லாத ஊர் இது. இனி பகிர்ந்துதான் வாழ வேண்டும். பகிர்வதற்கு நம்பிக்கை வேண்டும்.

அந்த நம்பிக்கையில் நம் பங்கும் கொஞ்சம் இருக்கிறது. ரவுட்டரின் செட்டிங்கில் 'நாடு' என்று ஒரு இடம் இருக்கும். கூடுதல் சேனல் கிடைக்கும், வேகம் கூடும் என்று அதை வேறு நாட்டுக்கு மாற்றச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உலாவுகின்றன. மாற்றாதீர்கள். எந்த விதிப்படி நடக்க வேண்டும் என்று ரவுட்டருக்குத் தெரிவிப்பது அந்த ஒரு வரிதான். ஃபர்ம்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.

அடுத்த முறை 5 கிகாஹெர்ட்ஸ் வர ஒரு நிமிடம் ஆனால், ஆகட்டும். மீட்டிங்குக்கு அந்த ஒரு நிமிடம் மொபைல் டேட்டா போதும். மழையைத் தேடும் ரேடாருக்கு மாற்று டேட்டா கிடையாது.