உறங்காத சர்வருக்கு எதற்கு உறக்கக் கோப்பு?

திண்டுக்கல்லில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்துக்கோ வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவுக்கோ போய், சர்வர் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு சாதாரண கம்ப்யூட்டரைத்தான் காட்டுவார்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும். மற்ற மேசைகளில் இருப்பவர்கள் நெட்வொர்க் வழியாக அதற்குள் வந்து பில் போடுவார்கள். அந்த கம்ப்யூட்டரில் ஒருநாள் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும். டவுன்லோடில் கிடந்ததை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்த பிறகும் இடம் போதாது.

இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பவற்றில் ஒன்று கண்ணுக்கே தெரியாது. ஹைபர்ஃபில்.சிஸ் என்ற அந்தக் கோப்பை விண்டோஸ் மறைத்து வைத்திருக்கும். மறைந்திருக்கும் கோப்புகளையும் பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளையும் காட்டும்படி அமைப்பை மாற்றினால் சி டிரைவின் வாசலிலேயே நிற்கும். வழக்கம்போல் டெலீட் அழுத்தினால் போகாது. விண்டோஸ் 10-இல் அதன் வழக்கமான அளவு ராமின் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ராம் என்றால் 6.4 ஜிபி. விண்டோஸ் 7 காலத்தில் 75 சதவீதம் எடுத்துக்கொண்டது. 120 ஜிபி எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் ராமை 32 ஜிபியாக உயர்த்தினால், யாரும் எதையும் சேமிக்காமலே ஏறத்தாழ 13 ஜிபி காணாமல் போயிருக்கும்.

இது எதற்காக இருக்கிறது என்று தெரிய, ராம் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இது. ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் இருக்கும் சிறு மின்னூட்டம்; பக்கத்தில் அதைத் திறந்து மூட ஒரு டிரான்சிஸ்டர். ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1966-இல் யோசித்து, 1968-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. எளிமையானது, மலிவானது, ஆனால் மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் பொதுவாக 64 மில்லி விநாடிக்குள் ஒவ்வொரு பிட்டையும் படித்து, திரும்ப எழுத வேண்டும். 16 ஜிபி ராமில் சுமார் 13,700 கோடி பிட்டுகள். அத்தனையும் விநாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் புதுப்பிக்கப்படுவதால்தான் நீங்கள் திறந்து வைத்திருக்கும் பில் திரையில் நிற்கிறது. கரண்ட் போனால் புதுப்பிப்பு நின்றுவிடும். ராமில் இருந்தது அழிந்துவிடும்.

இதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. ஸ்லீப் என்பது ராமுக்கு மட்டும் கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே மற்றவற்றை அணைப்பது. ஹைபர்னேட் என்பது ராமில் இருப்பதைச் சுருக்கி வட்டில் அந்த ஹைபர்ஃபில்.சிஸ் கோப்பில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைந்துவிடுவது. திண்டுக்கல் சமவெளியின் கண்மாய்கள் வற்றும்போது தவளைகள் உடம்பில் சேர்த்த கொழுப்போடு மண்ணுக்குள் இறங்கி, மழை வரும்வரை கிடக்குமே, அதைப் போல. தேவை வரும்போது இடம் தேடிக்கொண்டிருக்க முடியாது. லேப்டாப்பின் பேட்டரி கடைசி மூச்சில் இருக்கும் நேரத்தில் வட்டு நிரம்பியிருந்தால் எல்லாம் போய்விடும். ஆகவே விண்டோஸ் முன்கூட்டியே இடத்தை வளைத்துப் போட்டுவிடுகிறது. லேப்டாப்புக்கு இது நல்ல ஏற்பாடு.

சர்வரின் கதை வேறு. அது தூங்கினால் டேலியில் வேலை செய்யும் அத்தனை பேருக்கும் இணைப்பு அறுந்துவிடும். விழித்தபின் அதன் ராம் அப்படியே திரும்பி வரலாம். மற்ற கம்ப்யூட்டர்களோடு இருந்த தொடர்பு அப்படித் திரும்பி வராது. ஒருபோதும் தூங்கக் கூடாத இயந்திரத்தில் தூக்கத்துக்காக 13 ஜிபி ஒதுக்கி வைப்பது வீண்தான்.

எடுப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர்சிஎஃப்ஜி ஸ்லாஷ் ஹைபர்னேட் ஆஃப் என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் அடித்து என்டர் தட்டினால் போதும். பவர்சிஎஃப்ஜிக்குப் பின்னாலும் ஆஃப்புக்கு முன்னாலும் இடைவெளி விட வேண்டும். ஸ்லாஷுக்கும் ஹைபர்னேட்டுக்கும் நடுவில் கூடாது. கோப்பு உடனே மறைந்து, இடம் திரும்பிவிடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு வந்த இந்த வசதி, ஷட் டவுன் கொடுக்கும்போது இயங்குதளத்தின் மையப் பகுதியை இதே கோப்பில் எழுதி வைத்து, மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். ஷட் டவுன் செய்து போட்டும் தீராத கோளாறு ரீஸ்டார்ட்டில் தீர்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம். சர்வர் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குவதே நல்லது. அதற்குச் சில விநாடி கூடுதலாகட்டும்.

அதே மூச்சில் பேஜ்ஃபைல்.சிஸ் என்ற பக்கத்துக் கோப்பிலும் கை வைத்துவிடாதீர்கள். ராம் போதாதபோது விண்டோஸ் ஓடிக்கொண்டே பயன்படுத்தும் இடம் அது.

நம் ஊரில் இதைச் செய்யும் முன் பார்க்க வேண்டியது யுபிஎஸ். 2012-இல் சென்னைக்கு வெளியே நாளின் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நிலை மாறிவிட்டாலும் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்துவது இன்றும் உண்டு. யுஎஸ்பி கேபிள் வழியே யுபிஎஸ்ஸை இணைத்திருந்தால், பல மாடல்களை விண்டோஸ் ஒரு பேட்டரியாகவே பார்க்கும். பேட்டரி தீரும் நிலைக்கு வந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு, பவர் ஆப்ஷன்ஸில் உயர்நிலை அமைப்புகளுக்குள் இருக்கும். அங்கே ஹைபர்னேட் என்று இருந்தால் முதலில் ஷட் டவுன் என்று மாற்றுங்கள். யுபிஎஸ்ஸோடு வந்த மென்பொருளிலும் அப்படியே பாருங்கள். கேபிளே இல்லாத இன்வெர்ட்டரில் ஓடுகிறது என்றால் பேட்டரி தீர்வது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. நாளைய மின்தடைப் பட்டியலில் உங்கள் பகுதி இருந்தால், சர்வரை நீங்களே நேரத்தோடு அணைத்துவிடுங்கள். டேலி கணக்கு பாதியில் அறுபடுவதைவிட அது மேல்.

லேப்டாப்பில் மட்டும் இடம் வேண்டுமென்று இதைச் செய்யாதீர்கள். செய்துவிட்டாலும் கவலை வேண்டாம்: அதே கட்டளையில் ஆஃப்புக்குப் பதிலாக ஆன் என்று அடித்தால், வட்டில் இடம் இருக்கும் பட்சத்தில், கோப்பு திரும்ப வந்துவிடும்.