நோயும் கடனும்: கோதுமை விவசாயிகள் கண்ட வழி

குடும்பத்தில் ஒருவர் பாயில் விழுந்தால் விவசாயிக்கு இரண்டு இழப்புகள் ஒன்றாக வருகின்றன. வேலை நாள் போகிறது. கையிலிருக்கும் காசும் போகிறது. சொந்தக் காணியில் இருந்த காலத்தில் ஒரு மாட்டை விற்றோ, அடுத்த போக நெல்லைக் காட்டிக் கடன் பட்டோ சமாளிக்க முடிந்தது. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அந்த மாடும் இல்லை, நெல்லும் இல்லை. காதிலும் கழுத்திலும் கிடப்பதை ஈடு வைப்பதுதான் வழி.

இதே நெருக்கடியில் அகப்பட்ட ஒரு விவசாய மக்கள் என்ன செய்தார்கள் என்பதை இம்முறை நாம் பார்ப்போம். அவர்கள் கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தின் கோதுமை விவசாயிகள்.

வறட்சியும் வைத்தியரும்

1930களில் அங்கு கோதுமை விலை விழுந்தது. ஆண்டுக்கணக்காக மழை பொய்த்தது. மேல்மண் காற்றோடு போயிற்று. வைத்தியருக்குக் கொடுக்கப் பணமின்றி, கோழியும் விறகும் கொடுத்தவர்கள் பலர். அதுவும் இல்லாதவர்கள் நோயைப் பொறுத்துக்கொண்டு இருந்தார்கள். வருமானம் இல்லாத இடத்தில் வைத்தியரும் நிலைக்க முடியாது. ஆகவே பல கிராமச் சபைகள் தமது வரிப் பணத்திலிருந்து வைத்தியருக்குச் சம்பளம் கொடுத்து, அவரை ஊரிலேயே வைத்துக்கொண்டன. இந்த ஏற்பாடு முதலாம் உலகப்போர்க் காலத்திலேயே அங்கு தொடங்கிவிட்டது.

ஒரு சிறுவனின் கால்

அந்த மாகாணத்தின் வேபர்ன் என்னும் சிற்றூருக்கு 1930இல் போதகராக வந்தவர் ரொமி டக்ளஸ். சிறுவயதில் அவருடைய காலில் எலும்பு நோய் கண்டது. பெற்றோரிடம் பணம் இல்லை. காலை வெட்டிவிடுவதே முடிவு என்று சொல்லப்பட்டது. அப்போது ஒரு சத்திரசிகிச்சை நிபுணர், தமது மாணவர்கள் பார்த்துப் படிக்கலாம் என்ற நிபந்தனையில் இலவசமாகச் சிகிச்சை செய்தார். கால் தப்பியது. ஒரு பிள்ளையின் கால் இப்படி அதிர்ஷ்டத்தில் தங்கியிருப்பது சரியா என்ற கேள்வி டக்ளசை விடவில்லை.

1944இல் அவர் மாகாண முதல்வரானார். 1946இல் சுவிஃப்ட் கரன்ட் பகுதியில் அனைவருக்குமான வைத்தியத் திட்டம் ஆரம்பமாயிற்று. 1947 ஜனவரி முதல் மாகாணம் முழுவதற்கும் வைத்தியசாலைக் காப்புறுதி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 5 டொலர். ஒரு குடும்பத்துக்கு 30 டொலருக்கு மேல் இல்லை. 1962 ஜூலை 1ஆம் திகதி வைத்தியர் கட்டணமும் திட்டத்துள் அடங்கியது. அதை எதிர்த்து வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மக்கள் பின்வாங்கவில்லை, சில ஊர்களில் தாமே கூடிச் சமுதாய கிளினிக்குகளை அமைத்தார்கள். 1972க்குள் கனடாவின் எல்லா மாகாணங்களும் இவ்வழிக்கு வந்துவிட்டன.

ஏன் எல்லோரும்?

'காசுள்ளவர் தனியாகக் காப்புறுதி எடுக்கட்டும், ஏழைக்கு மட்டும் உதவுவோம்' என்று சிலர் சொல்வதுண்டு. அயல் நாடான அமெரிக்கா பெரும்பாலும் அவ்வழியே போயிற்று. அங்கு ஏற்கெனவே நோயுள்ளவரைக் காப்புறுதி நிறுவனங்கள் தள்ளிவைப்பது 2014இல் தடைசெய்யப்படும்வரை பரவலாக நடந்தது. 2023இலும் ஏறத்தாழ 2 கோடி 60 இலட்சம் பேர் காப்புறுதி இன்றி இருந்தார்கள். காரணம் எளிது. இலாபத்துக்கு நடக்கும் காப்புறுதி சுகதேகியைத் தேடுகிறது, நோயாளிக்கு அஞ்சுகிறது. எல்லோரும் ஒரே பானையில் போட்டால்தான், இந்த ஆண்டு நோயில் விழுந்தவரைச் சுகமாயிருப்பவர் தாங்க முடியும். வசதியுள்ளவரும் அதே வாசலில் வந்து நிற்பதால், அந்த வாசல் கவனிப்பாரற்றுப் போகாது.

எமது நிலை

எமது நாட்டில் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் 1951இல் நீக்கப்பட்டன. காப்புறுதி அட்டை இல்லை என்று எவரையும் வாசலில் திருப்பி அனுப்புவதில்லை. இது சிறிய காரியமன்று. ஆனால் கதவு திறந்திருந்தால் மட்டும் போதுமா? பஸ் காசு, இழந்த நாட்கூலி, வெளியே வாங்கச் சொல்லி எழுதித்தரும் மருந்து, தனியார் ஆய்வுகூடத்தில் செய்யவேண்டிய இரத்தப் பரிசோதனை ஆகியவை நோயாளியின் தலையிலேயே விழுகின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச வைத்தியசாலைகளிலேயே மருந்து தட்டுப்பட்டதை நாம் கண்டோம். கனடாவிலும் வைத்தியசாலைக்கு வெளியே வாங்கும் மருந்துச் செலவு நீண்டகாலம் பொதுத் திட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. ஆகவே இலவச வைத்தியம் ஒருமுறை கிடைத்து முடிந்துவிடும் கொடையன்று. காவல் இருந்து காக்கவேண்டிய பயிர்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. இடம் மாறும்போது கிளினிக் கொப்பியையும் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். கிராம சங்கங்கள் போக்குவரத்துக்கென ஒரு சிறு பொது நிதி வைத்திருக்கலாம். ஆனால் மருந்தும் வைத்தியரும் அரசின் கடமை. அவை இல்லாத இடத்தில் சங்கமாகக் கூடி, எழுத்தில் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் கலந்துரையாட:

1. கடந்த ஆண்டில் நோய் காரணமாக நகை ஈடு வைத்த குடும்பங்கள் எமது ஊரில் எத்தனை? அந்தப் பணம் எதற்குச் செலவாயிற்று?

2. அவற்றுள் எதைச் சங்கம் தாங்கலாம்? எதைச் சுகாதார அதிகாரியிடம் கேட்க வேண்டும்?

3. எமக்காகக் கேட்கப் போகிறவர் யார்? எந்த நாளில்?