வின்ச்சில் எழுதியிருக்கும் எடை எப்போது கிடைக்கும்?

நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால், ஜொகூர் செம்பனைத் தோட்டங்களின் மண்பாதைகள் குழைந்துவிடும். 2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் சிகாமட், கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பஹாட் பக்கம் வடியாமல் நின்ற வெள்ளத்தையும் மறக்கவில்லை. அத்தகைய நாள்களில் சேற்றில் இறங்கிய தோட்டத்து வண்டியை மீட்பது, முன்னால் பூட்டிய வின்ச்தான்.

அதன் மேல் '4 டன்' என்று எழுதியிருக்கிறது. வண்டியோ இரண்டரை டன். தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த 4 டன் ஒரேயொரு நிலையில்தான் கிடைக்கும்: டிரம்மில் கம்பிவடம் ஒரே ஒரு சுற்றடுக்காக இருக்கும்போது.

அடுக்கு ஏறினால் விசை இறங்கும்

மோட்டார் கொடுப்பது முறுக்குவிசை. அதை டிரம்மின் மையத்திலிருந்து வடம் வரையுள்ள தூரத்தால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். வடம் அடுக்கடுக்காக ஏற ஏற அந்தத் தூரம் கூடுகிறது, இழுவிசை குறைகிறது.

டிரம்மின் விட்டம் 64 மில்லிமீட்டர், வடத்தின் தடிமன் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் அடுக்கில் மையத்திலிருந்து வடத்தின் நடுப்பகுதி வரை 36 மில்லிமீட்டர். இரண்டாவதில் 44, மூன்றாவதில் 52, நான்காவதில் 60. முதல் அடுக்கில் 4 டன் இழுக்கும் வின்ச், இரண்டாம் அடுக்கில் சுமார் 3.3 டன், மூன்றாவதில் 2.8 டன், நான்காவதில் 2.4 டன்தான் இழுக்கும். பக்கத்து மரத்தில் மாட்டி, கொஞ்சம் வடத்தை மட்டும் அவிழ்த்து இழுப்பவருக்குக் கிடைப்பது இந்தக் கடைசிக் கணக்குதான்.

எடை எழுதப்படாத பழைய வின்ச்சாக இருந்தாலும் தோராயமாகக் கணக்கிடலாம். மோட்டாரின் முறுக்குவிசை 10 நியூட்டன் மீட்டர், கியர் விகிதம் 200, உராய்வில் போனது போக மிஞ்சும் திறன் 65 சதவீதம் என்றால், டிரம்முக்கு வருவது 1,300 நியூட்டன் மீட்டர். அதை 0.036 மீட்டரால் வகுத்தால் ஏறத்தாழ 36,000 நியூட்டன்; அதாவது 3.7 டன் எடைக்குச் சமம். இதுவும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால்தான். முழுப் பாரத்தில் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியருக்கும் மேல் உறிஞ்சும். எஞ்சின் ஓடாமல் இழுத்தால் மின்னழுத்தம் சரிந்து, வின்ச் திணறும்.

சேறு கேட்பது எவ்வளவு?

வின்ச் கொடுப்பது ஒரு பக்கம். சேறு கேட்பது மறுபக்கம். அமெரிக்க ராணுவத்தின் வாகன மீட்புக் கையேடு எளிய கணக்கு ஒன்றைத் தருகிறது. சக்கரம் புதைந்தால் வண்டியின் எடையளவு விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. ஏற்றமாக இருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் எடையில் அறுபதில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும்.

நம் இரண்டரை டன் வண்டி, 15 டிகிரி ஏற்றத்தில் சக்கரம் புதைந்து நிற்கிறது. சேற்றுக்கு 2.5 டன், ஏற்றத்துக்கு 0.6 டன், மொத்தம் 3.1 டன். நான்காம் அடுக்கிலிருந்து இழுக்கும் வின்ச் இங்கே தோற்றுவிடும். மட்கார்டு வரை புதைந்திருந்தால் 5.6 டன் வேண்டும். முதல் அடுக்கின் 4 டன்னும் போதாது.

கப்பி செய்யும் வேலை

இங்கேதான் கப்பி கைகொடுக்கிறது. கப்பியை மரத்தில் கட்டி, வடத்தை அதன் வழியே கொண்டுவந்து வண்டியிலேயே மாட்டினால் இழுவிசை இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். உராய்வுக்கு 10 சதவீதம் கழித்தாலும், நான்காம் அடுக்கிலேயே 4.3 டன் கிடைக்கும். வடம் போய்த் திரும்புவதால் இரு மடங்கு நீளம் அவிழ்கிறது; டிரம்மின் அடுக்குகளும் குறைகின்றன. முதல் அடுக்கு வரை இறங்கினால் 7.2 டன் கிடைக்கும். மட்கார்டு வரை புதைந்த வண்டியும் வெளியே வந்துவிடும்.

ஆனால் அந்த இரட்டை விசை முழுவதும் கப்பி கட்டிய மரத்தின் மேல்தான் விழும். பொந்தியான் பக்கத்துக் கரிச்சதுப்பு நிலத்தில் செம்பனைகள் தாமாகவே சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட மரத்தை நம்பி 7 டன்னை ஏற்றக் கூடாது. ஆழ வேரோடிய காட்டு மரத்தைத் தேடுங்கள். அகலப் பட்டை சுற்றி மாட்டுங்கள். மரத்தில் மாட்டும் ஷேக்கிளும் அந்த இரட்டை விசையைத் தாங்க வேண்டும்.

இழுக்கும்போது டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்றுக் கம்பிவடம் மிச்சமிருக்கட்டும். இறுகிய வடத்தின் மேல் கனமான ஜமுக்காளமோ சாக்கோ போடுங்கள். அறுந்தால் அது வீசும் வேகம் குறையும். வடத்தைத் தாண்டவோ, அதன் வரிசையில் நிற்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

புதிதாக வாங்குபவர்கள், சுமையோடு சேர்ந்த வண்டி எடையின் ஒன்றரை மடங்காவது இழுக்கும் வின்ச்சைத் தேர்ந்தெடுங்கள். கூடவே தரமான கப்பி ஒன்றும் வாங்குங்கள். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் ஒவ்வோர் அடுக்கிலும் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டு, வண்டியிலேயே ஒட்டி வையுங்கள். மழை தொடங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.