மயிலையா, மாம்பலமா, அடையாறா?

சென்னைப் பட்டணத்துக்குக் குடிவருவதென்று தீர்மானித்துவிட்ட ஒரு குடும்பத்தில் முதல் தகராறு எதைப் பற்றி வரும்? எந்தப் பேட்டையில் வீடு பார்ப்பது என்பதைப் பற்றித்தான்!

"கோயில் பக்கத்தில் இருந்தால் போதும். மயிலாப்பூரிலேயே பாரப்பா" என்பார் பாட்டி. "ரயிலும் கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டாமா? தியாகராய நகர்தான் சௌகரியம்" என்பாள் மருமகள். "காற்று வேண்டும், மரம் வேண்டும். அடையாறுக்குப் போகலாம் அப்பா" என்பான் பிள்ளை. வாடகையை நினைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த மூன்று பேட்டைகளும் ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேதான் இருக்கின்றன. ஆனால் ஒன்றின் குணம் மற்றொன்றுக்குக் கிடையாது. அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், மூன்றிலும் தண்ணீரே முன்னால் வந்து நிற்கிறது. மயிலாப்பூர் ஒரு குளத்தைச் சுற்றி அமைந்தது. தியாகராய நகர் ஓர் ஏரியை வற்றவைத்து அதன்மேல் எழுந்தது. அடையாறோ ஓர் ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டது.

குளத்தைச் சுற்றி ஓர் ஊர்

1639-ஆம் வருஷத்தில் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெறுவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மயிலாப்பூர் ஊராக இருந்தது. பூம்பாவையைத் திருஞானசம்பந்தர் உயிர்ப்பித்ததாகச் சொல்லும் வரலாறு இந்த ஸ்தலத்துக்கு உரியது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் சாந்தோமில் குடியேறினார்கள். கடற்கரையோரம் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அழிந்துபோய், பிற்காலத்தில் இப்போதுள்ள இடத்தில் கோயில் எழும்பியது என்பார்கள்.

கோயிலுக்கு மேற்கே குளம், சுற்றிலும் மாட வீதிகள். இந்த அமைப்பில்தான் மயிலாப்பூரின் சௌகரியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. கையில் பையோடு புறப்பட்ட ஒருவர் சுவாமி தரிசனம் செய்து, தெற்கு மாட வீதியில் காய்கறி வாங்கி, வழியில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு நடந்தே வீடு திரும்பலாம். நவராத்திரி வந்தால் வடக்கு மாட வீதியில் கொலுப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கும். பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று வீதி கொள்ளாத கூட்டம். தைப்பூசத்தில் தெப்பம். மார்கழியில் சபாக்களில் சங்கீதம்.

ஹைகோர்ட்டு வக்கீல்களின் ஊர் என்றும் மயிலாப்பூருக்குப் பெயர் உண்டு. பிரபல வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905-இல் இலவச ஆயுர்வேத வைத்தியசாலையையும், 1906-இல் சம்ஸ்கிருதக் கல்லூரியையும் இங்கே நிறுவினார். சேமிப்புப் பழக்கத்தை வளர்த்த மயிலாப்பூர் ஹிந்து பெர்மனெண்ட் பண்டு 1872-லேயே ஏற்பட்டுவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் அந்தக் குளம் சும்மா அழகுக்காக இருக்கவில்லை. குளத்தில் தண்ணீர் நின்றால் அது மண்ணில் இறங்கி அக்கம்பக்கத்துக் கிணறுகளில் ஊறும். குளத்தின் தரை வெடித்துக் கிடந்த வருஷங்களும் உண்டு. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைச் சர்க்கார் கட்டாயமாக்கிய பிறகுதான், முன்னோர் குளம் வெட்டியதன் காரணம் பலருக்கு மறுபடி புரிந்தது.

ஏரிமேல் ஒரு நகரம்

மருமகளின் கட்சிக்கு வருவோம். தியாகராய நகருக்கு வயது நூறுதான் ஆகிறது. அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்போல் வளைந்து கிடந்த ஒரு பெரிய ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தியதும் உண்டு.

பட்டணத்தில் ஜன நெருக்கம் அதிகரித்தது. 1920-இல் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து மாம்பலத்தில் ஏரியை வற்றவைத்து, மனைகள் பிரித்து, புது நகரம் ஒன்றை நிர்மாணித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. நடுவில் பனகல் பூங்கா. அதிலிருந்து நாலாபக்கமும் அகலமான சாலைகள். உஸ்மான் ரோடு, டாக்டர் நாயர் ரோடு, நடேசன் பூங்கா என்று பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் நீதிக்கட்சியின் சரித்திரத்தில் பாதி தெரிந்துவிடும்.

1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததும் மாம்பலத்துக்கு யோகம் அடித்தது. கோட்டைப் பக்கத்து ஆபீசுகளுக்குப் போகும் குமாஸ்தாக்கள் தைரியமாக இங்கே குடியேறினார்கள். 1946-இல் ஹிந்தி பிரசார சபையின் வெள்ளி விழாவுக்கு வந்த காந்தியடிகள் இங்கே தங்கினார். திருமலைப் பிள்ளை ரோட்டிலுள்ள வீட்டில் வசித்த காமராஜர், 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி அங்கேயே காலமானார். அந்த வீடு இப்போது நினைவு இல்லம். நடிகர் திலகம் சிவாஜி கணேசனும் இந்தப் பேட்டைவாசியே.

பிறகு கடைகள் வந்தன. பட்டும் தங்கமும் பாத்திரமும் வாங்கத் தமிழ்நாடே இங்கே திரண்டது. தோட்டத்தோடு கட்டிய வீடுகள் பல மாடிக் கடைகளாக மாறின. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் நுழைந்தவர் தாமாக நடக்க வேண்டியதில்லை. கூட்டமே நடத்திச் சென்றுவிடும்! நடப்பவர்களுக்காகப் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை 2019-இல் திறக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம் வரை ஆகாய நடைபாலம் 2023-இல் வந்தது.

எல்லாம் சரி, மழை வந்தால்? பழைய ஏரியில் தங்கிய தண்ணீர் இப்போது மாம்பலம் கால்வாய் வழியாகத்தான் அடையாற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். கால்வாய் அடைபட்டால் அது தன் பழைய இருப்பிடத்தைத் தேடிக்கொள்ளும். 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. மனையை விற்றவர்கள் ஏரியை மறந்தார்கள்; தண்ணீர் மறக்கவில்லை.

ஆறும் ஆலமரமும்

பிள்ளை விரும்பிய அடையாறு, மூன்றிலும் மனோரம்மியமானது. 1882-இல் பிரம்மஞான சபையார் ஆற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கித் தங்கள் தலைமை ஸ்தாபனத்தை அமைத்தார்கள். அங்குள்ள ஆலமரம் உலகப் பிரசித்தம். 1989-இல் புயற்காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. விழுதுகள் இன்றும் நிழல் தருகின்றன.

அந்த நிழலில் பல காரியங்கள் முளைத்தன. 1936-இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. காந்தி நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர் என்று குடியிருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பரவின. மாலையில் கடற்காற்று வாங்க எலியட்ஸ் கடற்கரை. கழிமுகத்தில் பாழடைந்து கிடந்த 58 ஏக்கரைச் சீர்திருத்தி, தொல்காப்பியப் பூங்கா 2011-இல் திறக்கப்பட்டது. பறவைகள் திரும்பி வந்தன.

ஆனால் ஆறும் தன் வேலையைக் காட்டாமல் இல்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெருமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மாடியில் தவித்தவர்களைப் படகில் ஏற்றிச் செல்ல வேண்டியதாயிற்று. நாலு வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜனங்கள் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றார்கள்.

குடும்பத் தலைவரின் கேள்வி

ஆகவே பேட்டைக்குப் பெருமை கடையாலோ கட்டடத்தாலோ மட்டும் வருவதில்லை. மழைநீர் தங்க இடம், ஓட வழி, மரத்துக்கு மண் - இவை இருக்கும்வரைதான் அங்கே குடியிருப்பது சுகம். அந்தச் சுகத்தைத் தேடி எல்லாரும் வந்து, அந்த இடத்தையே நிரப்பிவிட்டால், பிறகு எதற்காக அங்கே வருவது?

பாட்டியும் மருமகளும் பிள்ளையும் ஓய்ந்த பிறகு குடும்பத் தலைவர் மெள்ள வாயைத் திறக்கட்டும். "எந்தப் பேட்டையானாலும் சரி. ஐப்பசி அடைமழையில் குடையை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய், தெருவில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்துவிட்டு வருகிறேன். அப்புறம் முன்பணம் கொடுக்கலாம்" என்று அவர் சொன்னால், அன்றைய விவாதத்தில் ஜயித்தவர் அவர்தான்.